மூன்று புள்ளி எழுத்தும் காதுக் கருவியும்



நம்மிடம் இணையவழியில் ஓதும் பிள்ளைகளில் பாதிப்பேர் வளைகுடா நாடுகளில் பெற்றோருடன் இருப்பவர்கள். அவர்களுள் ஒரு மாணவிக்கு வயது பதினொன்று. கடந்த பருவத் தேர்வில் அவளுக்கு மக்ரஜுக்குரிய மதிப்பெண்களில் பெரும்பகுதியைக் குறைத்தோம். மூன்று புள்ளி ஸாவை அவள் ஃபாவாக ஓதுகிறாள் என்பது நமது தீர்ப்பு. கவ்ஸர் சூராவிலும் தகாஸுர் சூராவிலும் ஒவ்வொரு முறையும் நிறுத்தினோம். "நாவின் நுனியை மேற்பற்களின் விளிம்பில் வையம்மா" என்று சொன்னோம். அவள் வைத்தாள். நமது காதில் மீண்டும் ஃபாதான் விழுந்தது. மூன்று மாதங்கள் இப்படியே கழிந்தன. பிறகு வகுப்புக்கு வருவதையே அவள் குறைத்துக்கொண்டாள். "பயப்படுறா ஹஜ்ரத்" என்று அவளுடைய தாயார் ஒருநாள் செய்தி அனுப்பியிருந்தார். பயிற்சி போதவில்லை என்று நாம் பதில் எழுதினோம்.

அந்தப் பதிலை நினைக்கும்போதெல்லாம் இன்றும் உள்ளம் கூசுகின்றது.

நாம் ஓதக் கற்றது வேறொரு காலத்தில். சவூதியிலிருந்து வாப்பா கொண்டுவந்த வாக்மேன் ஒன்று வீட்டில் இருந்தது; ஆரஞ்சு நிறப் பஞ்சு வைத்த காதுக் கருவி. சோனி நிறுவனம் 1979 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்ட முதல் வாக்மேனில் இருவர் சேர்ந்து கேட்பதற்கு இரண்டு துளைகள் இருந்தன. நம்முடையது பிற்கால வகை, ஒரே துளை. ஆகவே இளையவருக்கும் நமக்கும் தினமும் சண்டை. கேட்டது ஷைகு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரியின் கேசட்டுகள். முழுக் குர்ஆனும் முதன்முதலாக ஒலிப்பதிவாகி 1961இல் வெளிவந்தது அவருடைய குரலில்தான். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தையும் அதன் இடத்தில் நிறுத்தி ஓதுபவர். ஓதக் கற்பவருக்கு அதைவிட நல்ல துணை அரிது.

ஆனால் 'பழையதே சிறந்தது' என்று சொல்லும் நமது பெரியவர்களுடன் நாம் முழுவதும் உடன்பட முடியாது. கேசட் நாடா ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர்தான் அகலம், வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். பேட்டரி தளர்ந்தால் வேகம் குறையும். காரியின் குரல் தடிக்கும், மத்து நீளும். ஒருமுறை அவ்வாறு தளர்ந்த பேட்டரியில் மனனம் செய்த பாடத்தை ஒப்புவித்தோம். "நாலு அளவு நீட்டவேண்டிய இடத்துல ஆறு அளவு நீட்டுறியே, யார்ட்ட ஓதுனே?" என்று கேட்டார் நமது உஸ்தாத். எவரெடியிடம் என்று சொல்லத் துணிவு இல்லை.

அன்றி, ஊரில் புழங்கிய கேசட்டுகளில் பெரும்பாலானவை படியின் படி. ஒவ்வொரு படியிலும் இரைச்சல் கூடும், கூர்மை குறையும். நாடாவைத் தொடும் 'ஹெட்' சற்றே சாய்ந்திருந்தாலும் முதலில் மங்குவது ஸீனும் ஸாவும் போன்ற காற்றெழுத்துக்கள்தாம். ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சிறிய திருகாணியை மெல்லத் திருப்பினால் ஷைகின் குரல் திரை விலகியதுபோல் தெளியும். அதைச் செய்து கொடுக்க கடைத்தெருவில் ஒரு வானொலி பழுதுபார்ப்பவர் இருந்தார். ஐந்து ரூபாய் வாங்குவார்.

பின்னர் எம்பி3 வந்தது. முழுக் குர்ஆனும் ஒரே குறுந்தட்டில் கிடைத்தபோது நாமெல்லாம் வியந்து நின்றோம். அது எப்படி அடங்கியது என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. முர்த்தலாக ஓதினால் குர்ஆன் ஏறக்குறைய 30 மணி நேரம் என்று கொள்வோம். 128 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 57 எம்பிக்கு மேல் வேண்டும். மொத்தம் 1,700 எம்பியைத் தாண்டும். குறுந்தட்டின் கொள்ளளவோ 700. அதற்குள் திணிக்க 32 கிலோபிட் அளவுக்குச் சுருக்கினார்கள். அவ்வளவு சுருக்கும்போது முதலில் விடப்படுவது உயர்ந்த அதிர்வெண்கள். குரல் இருக்கும், ராகம் இருக்கும், பின்னணி இரைச்சலும் இராது. ஆகவே கேட்பவருக்குத் தெளிவு போலவே தோன்றும். கேசட் தனது குறையை இரைந்து சொல்லிவிடும், இது சொல்லாது.

இனி அந்த மாணவியின் செய்திக்கு வருவோம்.

கோடை விடுமுறைக்கு அவர்கள் ஊருக்கு வந்தார்கள். தாயாருடன் மத்ரஸாவுக்கு வந்தவள் தலை நிமிரவில்லை. "ஓதம்மா" என்றோம். கவ்ஸர் ஓதினாள். மூன்று புள்ளி ஸா, நூலில் படம் போட்டுக் காட்டும் இடத்திலிருந்து, மென்மையாக, சரியாக வந்தது. இன்னொரு முறை ஓதச் சொன்னோம். தகாஸுரும் ஓதச் சொன்னோம். எங்கும் பிழையில்லை.

"எப்போது திருத்திக்கொண்டாய்?" என்று கேட்டோம்.

"நான் முன்னாடியும் இப்படித்தான் ஓதுனேன் உஸ்தாத்" என்றாள்.

நமக்கு நம்பிக்கை வரவில்லை என்பதே உண்மை. அவளுடைய கம்பியில்லாக் காதுக் கருவியை மாட்டிக்கொண்டு அடுத்த அறையிலிருந்து கைபேசியில் அழைத்து ஓதும்படி சொன்னோம். நமது கைபேசியில் கேட்டது, அதே ஃபா! கருவியைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கைபேசியிலேயே ஓதச் சொன்னோம். ஸா பெருமளவு திரும்பிவந்தது. நாம் அங்கேயே அமர்ந்துவிட்டோம்.

நம்மிடம் ஓதி, பின்னர் மின்னணுவியல் படித்த மாணவர் ஒருவர் அன்று மாலை விளக்கினார். ஒலியை எண்களாக மாற்றும்போது வினாடிக்கு எத்தனை மாதிரிகள் எடுக்கின்றோமோ, அதில் பாதி அதிர்வெண் வரைதான் பதியும். குறுந்தட்டில் 44,100 மாதிரிகள். ஆகவே மனிதக் காது கேட்கும் எல்லை முழுவதும் அடங்கும். புளூடூத் கருவியில் பாடத்தைக் கேட்கும்வரை அதன் தரம் நன்றாகவே இருக்கும். ஆனால் அதன் ஒலிவாங்கி வேலை செய்யத் தொடங்கியதும் தொலைபேசி முறைக்கு மாறிவிடும். பழைய வகைகளில் 8,000 மாதிரிகள், புதியவற்றில் 16,000. எட்டாயிரம் என்றால் நான்காயிரம் அதிர்வுக்கு மேல் ஒன்றுமில்லை. ஸா, ஃபா, ஸீன் ஆகியவற்றை அடையாளம் காட்டும் காற்றோசையின் பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கின்றது. ஸீன் வலுவானது, ஓரளவு தப்பிக்கும். ஸாவும் ஃபாவும் இயல்பிலேயே மெல்லியவை. போதாக்குறைக்கு, அழைப்புச் செயலிகளின் இரைச்சல் நீக்கியும் அந்த மெல்லிய காற்றை இரைச்சல் என்று எண்ணி வெட்டக்கூடும்.

அந்த வாரம் அலமாரியிலிருந்து வாக்மேனை எடுத்தோம். உள்ளே ரப்பர் வார் இளகிப் பசையாகியிருந்தது. வேறு வார் போட்டு ஓடவைத்தோம். அதே ஹுஸரியின் அந்நாஸ் சூராவை வாக்மேனிலும், பழைய எம்பி3 கருவியிலும், கைபேசியில் கம்பியுள்ள காதுக் கருவியாலும், அந்தக் கம்பியில்லாக் கருவியாலும் மாற்றி மாற்றிக் கேட்டோம். நமது காதுக்குக் கைபேசியும் கம்பியும் முதலிடம். ஸீனும் ஸாதும் தனித்தனியே நிற்கின்றன. கேட்பதற்கு மட்டும் என்றால் கம்பியில்லாக் கருவியும் அதிகம் பின்தங்கவில்லை. வாக்மேன் இரைச்சலுக்கு நடுவிலும் எழுத்தைக் காட்டியது. கடைசி இடம் அந்த எம்பி3 கருவிக்கு. அதில் இருந்தது சுருக்கப்பட்ட பதிவு. பாவம், கருவியைக் குறை சொல்வதற்கில்லை.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். மதிப்பெண் ஏட்டையும் எடுத்துச் சென்றோம். "தவறு உன்னுடையது அல்ல மகளே, நாம் கேட்டதில் இருந்தது. நம்மை மன்னித்துவிடு" என்று தாயாரின் முன்னிலையில் சொல்லி, அவள் பார்க்கவே மதிப்பெண்ணை அடித்துத் திருத்திக் கையொப்பமிட்டோம். அவள் சிரிக்கவில்லை. மூன்று மாதக் கண்ணீர் ஒரு கையொப்பத்தில் காய்ந்துவிடாது என்பது நமக்கும் தெரியும். அவளுடைய தாயார்தான், "நானும் அடிச்சுட்டேன் ஹஜ்ரத்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது தேர்வன்று எல்லாப் பிள்ளைகளும் கம்பியுள்ள கருவியுடனோ, நேரடியாகக் கைபேசியிலோதான் ஓதுகின்றனர். மக்ரஜில் ஐயம் எழுந்தால் அழைப்பில் தீர்ப்பளிப்பதில்லை. தனியே ஒலிப்பதிவு செய்து அனுப்பச் சொல்கின்றோம். அதிலும் தெளியாவிட்டால், ஊருக்கு வரும்போது நேரில் ஓதும்வரை அந்தக் கட்டம் ஏட்டில் வெறுமையாகவே இருக்கும். மற்ற உஸ்தாதுமார்களும் பழைய ஏடுகளை ஒருமுறை புரட்டிப் பார்க்கும்படி வேண்டுகின்றோம். நாம் புரட்டியதில், அதே எழுத்துக்காக மதிப்பெண் இழந்த இன்னும் நான்கு பிள்ளைகள் கிடைத்தார்கள். இருவரிடம் பேசிவிட்டோம். ஒருவர் வகுப்பை விட்டு இரண்டாண்டுகள் ஆகின்றன. எண் மாறியிருக்கின்றது, தேடிக்கொண்டிருக்கின்றோம்.

அந்த மாணவி ஊர் திரும்புமுன் வாக்மேனைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். காதில் மாட்டிக் கேட்டவள், நாடா முடிந்து பொத்தான் டப்பென்று எகிறியதும் திடுக்கிட்டாள். "முடிஞ்சிருச்சா உஸ்தாத்?" என்றாள். கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பிப் போட்டுக் கொடுத்தோம்.