குடல்வால் ஆபரேஷன் பண்ணியாச்சு. சதை டெஸ்ட் ரிப்போர்ட் வாங்கினீங்களா?

ஒரு சின்ன த்ரெட். வீட்ல யாருக்காவது அப்பெண்டிக்ஸ் எடுத்திருந்தா முழுசா படிச்சிடுங்க.

எடுத்த குடல்வாலை நாங்க தூக்கிப் போடுறதில்ல. ஃபார்மலின்ல போட்டு பயாப்சிக்கு அனுப்புவோம். நூறு பேர்ல சுமார் ஒருத்தருக்கு அதுல கட்டி இருக்கும். வெளியிலிருந்து பார்த்தா சாதாரண குடல்வால் அழற்சி மாதிரியேதான் தெரியும்.

சிக்கல் என்னன்னா, ரிப்போர்ட் வர ஒன்னு ரெண்டு வாரம் ஆகலாம். அதுக்குள்ள தையலும் பிரிச்சாச்சு, வலியும் போயாச்சு. பெரம்பலூர்ல பருத்தி எடுப்பு, ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி சீசன்னா ஒருநாள் கூலியை விட்டுட்டு ஒரு பேப்பருக்காக யார் பஸ் ஏறுவாங்க? அவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல.

ஆனா அந்தப் பேப்பர் முக்கியம். 1 செ.மீ-க்கும் சின்ன நியூரோ எண்டோகிரைன் கட்டின்னா, பெரும்பாலும் குடல்வாலை எடுத்ததே சிகிச்சை. 2 செ.மீ-க்கு மேலன்னா வலப்பக்கப் பெருங்குடலையும் சேர்த்து எடுக்க வேண்டி வரலாம்.

இன்னொரு வகை வலியே இல்லாம வரும். குடல்வால் கட்டி வெடிச்சு, ஜெல்லி மாதிரி சளி வயிறு முழுக்கப் பரவும். "கேஸ்ங்க டாக்டர், பாவாடை நாடா எட்ட மாட்டேங்குது"ன்னு வருவாங்க. ஆம்பளைங்களுக்குப் புதுசா குடலிறக்கம், பொம்பளைங்களுக்குச் சினைப்பைக் கட்டின்னு வேஷம் போடும். நடிகை ஆட்ரி ஹெப்பர்னுக்கு வந்தது இதே குடல்வால் புற்றுநோய்தான். 1992-ல சோமாலியா போய் வந்த சமயம் வயித்து வலி, நவம்பர்ல ஆபரேஷன், 1993 ஜனவரி 20 அன்னைக்கு இறந்துட்டாங்க. வயசு 63.

40 தாண்டினவங்க கூடுதலா கவனிங்க. குடல்வால் சீழ்கட்டி ஆன்டிபயாட்டிக்லயே சரியானவங்க 60 பேரை வச்சு பின்லாந்துல ஒரு ஆய்வு நடந்துச்சு. 12 பேருக்குக் குடல்வால்ல கட்டி (எல்லாமே புற்றுநோய் இல்ல, பயப்படாதீங்க). 12 பேருமே 40 வயசைத் தாண்டினவங்க. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திட்டாங்க. அதனால "ஊசியிலேயே சரியாயிடுச்சு"ன்னு விட்டுடாம, மறுபடி ஸ்கேன், கொலனோஸ்கோபி வேணுமான்னு சர்ஜனைக் கேளுங்க.

டிஸ்சார்ஜ் அட்டையில பயாப்சி நம்பர் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா சிஸ்டர்கிட்ட எழுதி வாங்கிக்கோங்க. நேர்ல வர முடியலன்னா அட்டையை யார்கிட்டயாவது குடுத்து அனுப்புங்க.