தேக்காவில் ஒரு புரபோசல் பாரம்

சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

நீ கேட்ட கோடாலித் தைலம் ஒரு டஜன் முஸ்தபா கடையில் வாங்கியாயிற்று. முதலில் இதைச் சொல்லாவிட்டால் மீதிக் கடிதத்தை நீ நிம்மதியாகப் படிக்கமாட்டாய்.

பையன் குடியிருப்பது சிராங்கூன் ரோட்டை ஒட்டிய பஃபலோ ரோட்டில், பத்தாவது மாடி. கீழே தேக்கா சந்தை. வாழை இலை, முருங்கைக்கீரை, கோலா மீன் எல்லாம் கிடைக்கிறது. விலையை மட்டும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கக் கூடாது. ஒரு காலத்தில் இங்கே மாட்டு வியாபாரம் நடந்ததாம். பக்கத்திலுள்ள பிரசவ ஆஸ்பத்திரிக்கே கண்டாங் கெர்பாவ் என்றுதான் பெயர். மலாயில் எருமைத் தொழுவம் என்று அர்த்தம். 1966இல் அந்த ஒரே ஆஸ்பத்திரியில் 39,835 குழந்தைகள் பிறந்து கின்னஸில் ஏறியிருக்கிறது. நாளுக்கு நூற்றொன்பது! இப்போது சுருக்கமாக கேகே என்கிறார்கள். மருமகள் அதைத் தாண்டித்தான் தினமும் நடைப்பயிற்சிக்குப் போகிறாள்.

அந்த ஆஸ்பத்திரியைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. முப்பது வருஷம் ஊரெல்லாம் பாலிசி விற்றவன், விமானம் ஏறுமுன் எனக்கும் என் வீட்டம்மாவுக்கும் பயணப் பாலிசி போட்டுக்கொண்டவன், மருமகளுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கவே இல்லை. கேட்டேன். ஒன்றுமில்லை. கல்யாணமாகி, சார்ந்திருப்போர் அனுமதியில் வந்து மூன்று மாதம். பையனின் கம்பெனி பாலிசி அவனுக்கு மட்டும்தானாம். ஊரில் அவள் அப்பா வீட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் அவள் பெயர் இருந்தது. அது இங்கே செல்லாது.

இந்த ஊர்க் கணக்கைக் கேள், உனக்குச் சுவையாக இருக்கும். இங்கே காப்பீடு என்று சொல்வதில்லை, காப்புறுதி. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 2015 நவம்பரிலிருந்து மெடிஷீல்டு லைஃப் என்று ஒன்று ஆயுள் முழுக்க உண்டு. புரபோசல் பாரம் கிடையாது, யாரையும் நிராகரிப்பதில்லை. ஏற்கெனவே பெரிய வியாதி இருந்தால் பத்து வருஷத்துக்கு முப்பது சதவீதம் கூடுதல் பிரீமியம், அவ்வளவுதான். நம்மைப் போன்ற ஏஜெண்டுகளுக்கு அதில் வேலையே இல்லை. இன்னொரு பக்கம், ஞாயிற்றுக்கிழமை ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் புல்வெளியில் உட்கார்ந்து ஊருக்கு வீடியோ கால் போடுகிறார்களே பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பிள்ளைகள், அவர்களுக்கும் உண்டு. வொர்க் பெர்மிட்டில் வந்த ஒவ்வொருவருக்கும் முதலாளி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, மருத்துவக் காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும். 2023 ஜூலைக்கு முன் அது வெறும் 15,000. இப்போதும் 15,000-ஐத் தாண்டினால், தாண்டிய தொகையில் கால் பங்கு முதலாளி கையிலிருந்து போகும்.

நடுவில் நிற்பவள் என் மருமகள். பையனைப் போன்ற எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரர்களுக்குக் காப்புறுதி எடுக்கும்படி சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை; அவர்கள் மனைவிமாருக்குக் கேட்கவே வேண்டாம். மாதம் 6,000 வெள்ளி சம்பளம் இருந்தால் மனைவியை அழைத்து வரலாம் என்பதோடு அரசாங்கத்தின் வேலை முடிந்தது. அரசு ஆஸ்பத்திரியிலும் சலுகைக் கட்டணம் வெளிநாட்டவருக்குக் கிடையாது, முழு பில். புல்வெளியில் கட்டுச்சோறு சாப்பிடுகிறவனுக்கு இருப்பது, குளிர்சாதன வீட்டில் இருக்கிறவளுக்கு இல்லை. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குப் பொறாமையில்லை. அவர்களுக்கு இன்னும் கூடத் தரலாம். இவளை விட்டுவிட்டார்களே என்பதுதான்.

சரி, தனியாரிடம் எடுத்துவிடுவோம் என்று போன சனிக்கிழமை ஓர் ஏஜெண்ட் அம்மாவைப் பார்த்தோம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், வாய்க்கு வாய் "அங்கிள்". ஓட்டல் மேசையில் நெய்த்தோசைக்கும் சாம்பாருக்கும் நடுவே பாரத்தை விரித்தார். நம்ம பாரம்தான், அச்சு மட்டும் அழகு. சாதாரணப் பிரசவச் செலவு இதில் வராது, சிக்கல் என்றால் மட்டும், அதற்கும் பத்து மாதம் காத்திருக்க வேண்டும் என்றெல்லாம் விளக்கிவிட்டு, தொடர்ந்து மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டார்.

"இல்லை" என்றான் பையன். பட்டென்று சொன்னான், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு.

மருமகள் தோசையைப் பிய்ப்பதை நிறுத்தினாள். "இருக்கு" என்றாள். "தைராய்டு. நாலு வருஷமா மாத்திரை."

அவன் தலை குனிந்துகொண்டான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியாது. பெண் வீட்டில் சொல்லக் கூடாது என்றிருக்கிறார்கள். பத்துப் பொருத்தம் பார்த்தோம், அதில் மருந்துச் சீட்டுப் பொருத்தம் இல்லையே. என் வீட்டம்மா முகம் போன போக்கை நான் எழுதப்போவதில்லை.

பையன் மெல்ல, "போடாமலே விட்டுடலாமாப்பா? நீங்க ஊரில் அப்படித்தானே சொல்வீங்க?" என்றான்.

சொல்லியிருக்கிறேன். நீயும் சொல்லியிருக்கிறாய். பதினேழு கேள்விக்கும் வரிசையாக "இல்லை, இல்லை" என்று நாமே எழுதி, கையெழுத்துக்கு மட்டும் பேனாவை நீட்டுவோம். மூன்று வருஷம் தாண்டிவிட்டால் காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு காப்பாற்றும் என்று தைரியம் வேறு. அரிசி மில்காரர் ஞாபகம் இருக்கிறதா? சர்க்கரை இருப்பது எனக்குத் தெரியும். "இல்லை" என்று போட்டது என் கை. இரண்டாம் வருஷமே போய்ச் சேர்ந்தார். அவர் வீட்டம்மா கிளைமுக்காக ஆறு மாதம் நடந்தது, என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம் 45-ஆம் பிரிவு ஆயுள் பாலிசிக்கு, அதுவும் இந்தியாவில். இங்கே மறைத்தது தெரிந்தால் கிளைம் வேண்டிய அன்றைக்குப் பாலிசியே இல்லை என்பார்கள்.

"எழுதுங்கம்மா," என்றேன் ஏஜெண்டிடம். மாத்திரை எத்தனை மைக்ரோகிராம், கடைசி ரத்தப் பரிசோதனை எப்போது, எல்லாம் மருமகளே சொன்னாள். ஒவ்வொன்றும் அவளுக்கு நாக்கு நுனியில் இருந்தது.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. தைராய்டு சம்பந்தப்பட்ட எதற்கும் கிடையாது, மற்றதெல்லாம் உண்டு. பிரீமியம் முழுக்க ரொக்கம். பையன் முகம் சுளித்தான். நான் அன்றே கட்டச் சொல்லிவிட்டேன். அவளையும் சேர்த்து நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பித்திருக்கிறான். அது கிடைத்தால் மெடிஷீல்டில் தைராய்டும் சேர்ந்துவிடும். எப்போது கிடைக்கும் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னொன்று. வந்த நாளிலிருந்து காலையில் எங்களோடு மருமகள் காபி குடிக்கமாட்டாள். அரைமணி கழித்துத் தனியாகக் குடிப்பாள். என் வீட்டம்மா போடும் காபி பிடிக்கவில்லை என்று இரண்டு வாரமாக உள்ளுக்குள் ஒரு மனத்தாங்கல். அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு அரைமணி காத்திருக்க வேண்டுமாம். இன்று காலை சமையல்கட்டில் மாத்திரை டப்பா கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. டிக்காஷன் இறங்கியும் என் வீட்டம்மா பாலைக் காய்ச்சவில்லை. "ஆறரைக்குத்தான் காபி" என்றாள்.

வரும் புதன் கிளம்புகிறோம். தைலத்துக்குப் பணம் தயாராக வை.

உன்,
பழைய சகா