ஆபரேஷன் வேண்டாம்னா கைவிட்டுட்டாங்கன்னு அர்த்தம் இல்லை

1/ அடியே படாம, தானாகவே முதுகுத்தண்டுக்குள்ள ரத்தம் கசியலாம். ரொம்ப அபூர்வம், வருஷத்துக்கு 10 லட்சம் பேரில் ஒருத்தருக்கு வரலாம்னு கணக்கு.

2/ திடீர்னு கழுத்திலோ முதுகிலோ தாங்க முடியாத வலி வரும். சில நிமிஷத்திலோ சில மணி நேரத்திலோ கை கால் மரத்துப்போகும், பலம் குறையும். தண்டுவட உறைக்கு வெளியே தேங்கின ரத்தம் உள்ளே இருக்கிற தண்டுவடத்தை நசுக்குறதுதான் காரணம்.

3/ பூதலூர் பக்கத்து விவசாயி ஒருத்தர், 60 வயசைத் தாண்டினவர். இதயத்துடிப்பு சீரில்லாததால வார்ஃபரின் சாப்பிடுறவர். விடியக்காலையில இடது கை, கால் விழுந்துருச்சுன்னு கூட்டிட்டு வந்தாங்க. பார்த்தா பக்கவாதம் மாதிரியே இருந்தது. "முதல்ல கழுத்துதான் சார் வலிக்குதுன்னாரு"ன்னு அவர் மனைவி சொன்ன ஒரு வார்த்தைதான் கழுத்துக்கு எம்ஆர்ஐ எடுக்க வைத்தது. பக்கவாதம்னு நினைச்சு ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டா, இந்த நோயில கசிவு கூடிடும்.

4/ எம்ஆர்ஐ முடிஞ்சு வரும்போதே பலம் திரும்ப ஆரம்பிச்சிருந்தது. "இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம்மா"ன்னேன். அந்தம்மா முகம் வெளிறிடுச்சு. "அப்போ அவ்ளோதானா சார்?"

5/ "கல்லணைக்கு வெள்ளம் வந்தா மிச்சத்தைக் கொள்ளிடத்துல திறந்து விடுறாங்கல்லம்மா? அது மாதிரி இந்த ரத்தமும் மேலயும் கீழயும் பரவி, எலும்புக்கு நடுவுல இருக்கிற பக்கவாட்டு ஓட்டை வழியா வடியுது. அழுத்தம் தானா குறையுது"ன்னேன்.

6/ ஆனா சும்மா விட்டுடலை. வார்ஃபரினை நிறுத்தி, அதன் வேலையை முறிக்க விட்டமின் கே, பிளாஸ்மா கொடுத்தோம். மணிக்கு ஒரு தரம் கை காலை அசைக்கச் சொல்லிப் பார்த்தோம். பலம் துளி குறைஞ்சாலும் உடனே ஆபரேஷன்; அதுக்கு தியேட்டரும் தயாரா இருந்தது. அடுத்த எம்ஆர்ஐயில் கட்டு கரைஞ்சிருந்தது. நடந்தே வீட்டுக்குப் போனார்.

7/ இந்த வழி எல்லாருக்கும் இல்லை. பலக்குறைவு லேசா இருக்கிறவங்களுக்கும், வேகமாத் தேறி வர்றவங்களுக்கும் மட்டும்தான். மத்தவங்களுக்கு ஆபரேஷன்தான், அதையும் சில மணி நேரத்துக்குள்ள செஞ்சாத்தான் முழுப்பலன்.

8/ அதனால திடீர் கழுத்து, முதுகு வலியோட கை கால் பலமும் குறைஞ்சா, சுளுக்கு எடுக்கப் போகாதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு சீட்டைக் கையில எடுத்துட்டு வாங்க. இதைப் படிச்சுட்டு, நல்லா இருக்கிறவங்க வார்ஃபரினை நீங்களா நிறுத்திடாதீங்க. நிறுத்தினா உண்மையான பக்கவாதமே வரலாம்.