வெயில் நாட்டாரும் பனித் துருவமும்

சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்தை அடுத்து விளங்குவது குரோம்பேட்டை. முன்னாளில் அங்கு நடைபெற்ற குரோம் தோல் தொழிற்சாலையால் அவ்வூர் அப்பெயர் பெற்றது. சித்திரைத் திங்களில் அதன் தெருக்கள் அனலாய்க் கொதிக்கும். ஆங்கு வாழும் சிறுவர் பனிக்கட்டியைக் காண்பது மீன் அங்காடியிலும் பழச்சாற்றுக் கடையிலுமே. இத்தகைய வெயில் நாட்டார் துருவம் செல்லுதல் கூடுமோ? கூடும் என்பதை 2009ஆம் ஆண்டில் பெண்கள் சிலர் மெய்ப்பித்தனர்.

காமன்வெல்த் அமைப்பின் 60ஆம் ஆண்டு நிறைவையொட்டி, எட்டு நாட்டுப் பெண்கள் தென்துருவம் செல்லத் துணிந்தனர். இங்கிலாந்து நாட்டுப் பெலிசிட்டி ஆஸ்டன் அவர்தம் தலைவி. இந்தியாவின் சார்பில் சென்றவர், டார்ஜிலிங்கில் வளர்ந்த ரீனா கௌஷல் தர்மசக்து. புருணை, சிங்கப்பூர், ஜமைக்கா போன்ற வெப்ப நாடுகளும் அம்முயற்சியில் பங்குகொண்டன. சேர்ந்தவருள் சிலர் அதற்குமுன் பனியையே கண்டவரல்லர்.

அவர்கள் நார்வே நாட்டுப் பனிவெளியில் பயின்றனர். கூடாரம் அடித்தலும், பனியை உருக்கி நீராக்குதலும், சறுக்குக் கட்டைகளில் நடத்தலும் கற்றனர். பனியில்லா நாடுகளில் இப்பயணத்திற்குப் பயில்வோர், பழைய டயரைக் கயிற்றால் இடுப்பில் பிணைத்து மணலில் இழுத்து நடப்பதுண்டு. இப்பயிற்சியைக் குரோம்பேட்டைத் திடலிலும் செய்யலாம்!

உடற்பயிற்சியினும் அரியது உள்ளப்பயிற்சி. விரைந்து நடக்க வல்லவர் தம் விரைவை அடக்குதல் வேண்டும். தளர்ந்தவர் தம் தளர்ச்சியை மறையாது உரைத்தல் வேண்டும். விரல் மரத்துப்போனதை நாணத்தால் மறைப்பவர் விரலையே இழக்கக்கூடும். அவரால் குழு முழுவதும் இடர்ப்படும். இக்குழுவிலும் ஒருவர் பனிக்கடியால் விரல் நலிந்து விலக நேர்ந்தது. ஏனையோர் மனம் வருந்தினர், ஆயினும் தளர்ந்திலர். உணவும் கூடாரமும் ஏற்றிய சறுக்குவண்டிகளை இழுத்துக்கொண்டு, 38 நாளில் ஏறத்தாழ 900 கிலோமீட்டர் கடந்தனர். 2009 டிசம்பர் இறுதியில் எழுவர் ஒருங்கே தென்துருவம் அடைந்தனர். சறுக்கிச் சென்று அதனை எய்திய முதல் இந்தியப் பெண் என்னும் புகழ் ரீனாவுக்கு உரியதாயிற்று.

குரோம்பேட்டைக்கு அணித்தாக உள்ள பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அதன் அறிஞர்கள், கோவாவிலுள்ள துருவ ஆய்வு மையத்தாரோடு கூடி உழைத்து, 2014ஆம் ஆண்டில் வடதுருவப் பகுதிக் கடலில் 192 மீட்டர் ஆழத்தில் ஆய்வுக் கருவிகளை நிறுவினர். வெயிலில் வளர்ந்த கைகளும் பனிக்கடலை அளக்க வல்லன.

தனியே முந்துவோன் வழியில் தன் அடிச்சுவட்டையே காண்பான். தளர்ந்தவருக்காக நின்றவன், ஊர் சேரும்போது தோழரையும் உடன் காண்பான். துருவம் கற்பிக்கும் பாடம் இதுவே.