எந்த நீலம்?

பழுதுற்ற ஒரு பொருளைத் திருத்துதல் என்பது அதனைப் பழைய நிலைக்குக் கொண்டுவருதலே எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயின், பழைய நிலை என்பது எந்த நாளைய நிலை? தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளினதா, பழுது நேர்ந்ததற்கு முதல்நாளினதா? தத்துவ வகுப்பறைக்கு உரியதுபோலத் தோன்றும் இவ்வினா, முல்லைத்தீவு மாவட்டத்துத் துணுக்காயில், நெளிந்துபோன ஒரு மட்கார்ட்டை முன்னிட்டு எழுந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் ரிங்கர் தொழிலாளி ஒருவரும் ஒரு மாரிகாலம் முழுவதும் அதற்கு விடை தேடினர்.

வட இலங்கையின் வீதிகளில் ஓடும் பழைய ஆங்கிலக் கார்களைக் கண்டு வியக்காத வெளியூரார் இலர் எனலாம். ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், மொறிஸ் மைனர் என்னும் பெயர்கள் ஊர்ச் சிறுவருக்கும் மனப்பாடம். இவற்றை அழகுக்காகப் பேணப்படும் அரும்பொருள்கள் எனக் கொள்வது தவறு. 1970 முதல் 1977 வரை நிலவிய இறுக்கமான இறக்குமதிக் கட்டுப்பாட்டின் கீழ், இருந்த காரைப் பேணுவதன்றி வேறு வழி இருக்கவில்லை. அதன்பின் யப்பானியக் கார்கள் வந்தன, போரும் வந்தது. 1990 இன் பின் வடக்கின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைத்தற்கரியதாயிற்று. அமுக்க விகிதம் குறைந்த பழைய இயந்திரங்கள், சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடும் இயல்பின. புதிய கார்களுக்கு அது இயலாது. பழைமையே அக்கார்களைக் காத்தது. பின்னர் 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கான தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. அந்த ஐந்தாண்டுகளிலும் பழைய கார்கள் மீண்டும் மதிப்புப் பெற்றன.

ஆசிரியருடையது ஒரு மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்பாரின் வடிவமைப்பில் 1948 இல் அறிமுகமாகி, பதினாறு இலட்சத்துக்கு மேல் உற்பத்தியான கார் அது. எழுபதுகளின் பிற்பகுதியில் அவர் அதனை வாங்கியபோதே அது இருவர் கைமாறியிருந்தது. நிறம் சாம்பல் தோய்ந்த நீலம். வவுனிக்குளத்து நீர் பாயும் வயல்களுக்கிடையே நெல்மூடையும் நோயாளரும் மணமக்களும் அதில் ஏறி இறங்கினர். 2006 இல் போர் மீண்டும் மூண்டபோது, கியர்ப்பெட்டித் திருத்தத்துக்காக அது வவுனியாவில் நின்றது. அதனாலேயே எஞ்சியது. 2008 இல் துணுக்காயை விட்டுக் கிழக்கு நோக்கி மக்கள் ஓடியபோது உடன்சென்ற வாகனங்கள் பலவும், 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் எரிந்தும் துருப்பிடித்தும் குவிந்து கிடந்ததை உலகமே படங்களில் கண்டது.

சென்ற மாரியின் தொடக்கத்தில், ஓர் இரவு, மாங்குளம் வீதியில் கட்டாக்காலி மாடொன்று குறுக்கே பாய்ந்தது. மாடு எழுந்து நடந்தது. காரின் இடப்பக்க முன் மட்கார்ட் உட்குழிந்து, விளக்கின் வளையம் வானத்தை நோக்கிற்று.

மைனரின் முன் மட்கார்ட்டுகள் உடலோடு ஒட்டவைக்கப்பட்டவையல்ல, சுரையாணிகளால் பூட்டப்பட்டவை. ஆகையால் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டலாம். மைனருக்கான தகட்டுப் பாகங்கள் தொண்ணூறுகளில் இலங்கையின் தென்பகுதியிலே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின என்பது பலர் அறியாத செய்தி. ஒரே தீவில், ஒருபுறம் ஆங்கிலேயரின் காருக்குப் புதுத் தகடு செய்யப்பட்டது. மறுபுறம் அதே காருக்கு ஒரு கைப்பிடிச் சாயமும் கிடைக்கவில்லை.

ரிங்கர் தொழிலாளி புதுத் தகட்டை விரும்பவில்லை. "தகடு நல்ல தகடு, வாத்தியார். எடுத்துத் தாறன்" என்றார். நெளிவெடுத்தலில் ஓர் ஒழுங்கு உண்டு. மோதலின்போது முதலில் குழிந்த இடத்தை இறுதியிலும், இறுதியில் மடிந்த இடத்தை முதலிலும் எடுத்தல் வேண்டும். ஆழமான குழியை எடுத்த எடுப்பில் அடித்தால் தகடு விரிந்து, பின்னர் எங்கும் அடங்காது. எனவே விபத்தைப் பின்னிருந்து முன்னாக வாசிக்கக் கற்றவனே நல்ல ரிங்கர். உட்புறம் 'டொலி' எனப்படும் இரும்புக் கட்டையைத் தாங்கக் கொடுத்து, வெளிப்புறம் சுத்தியலால் தட்டித்தட்டி, விளிம்பிலிருந்து மையத்துக்கு அவர் வந்தார். விரிந்த ஓரிடத்தைச் சுடரால் சிவக்கக் காய்ச்சி ஈரத்துணியால் ஒற்றினார். தகடு சுருங்கி அடங்கிற்று. எஞ்சிய மேடுபள்ளத்துக்கே பட்டி பூசினார். பட்டி தடித்தால் நாளடைவில் வெடிக்கும் என்பதால், சுத்தியலால் முடிந்ததைப் பட்டிக்கு விடக்கூடாது என்பது அவர் கொள்கை.

அரத்தாளால் ஓரங்களைத் தேய்த்தபோது பூச்சுகள் அடுக்கடுக்காக வெளிப்பட்டன. தொல்லியலாளர் மண்ணடுக்குகளை வாசிப்பதுபோல அவர் அவற்றை வாசித்தார். அடியில் அடிப்பூச்சு, அதன்மேல் தொழிற்சாலை நீலம், அதற்கும் மேல் யாரோ ஒருவர் எப்போதோ பூசிய, சற்றே பச்சை சாயும் நீலம். காரைச் சுற்றி வந்தபின் அவர் கேட்டார்: "எந்த நீலத்துக்குச் சேர்க்கிறது?"

வினா நியாயமானது. பொனற்றும் கூரையும் வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு படிந்தாற்போல் இருந்தன. இடக்கதவு செங்குத்தாக நிற்பதால் வெயில் குறைவாகப் பட்டு, கருமை குன்றாதிருந்தது. நெளிந்த மட்கார்ட் இவ்விரண்டுக்கும் இடையிலே அமைவது. வலக்கதவோ முற்றிலும் வேறு. 1993 இல் அக்கதவு துருவேறியபோது பெயின்ற் எங்கும் இல்லை. யன்னலுக்குப் பூச வைத்திருந்த வெள்ளை எனாமலில் சலவை நீலத்தூளைக் குழைத்து, வீட்டின் மூத்த மகன் தூரிகையால் பூசினான். அப்போது அவனுக்குப் பதினேழு வயது. தூரிகையின் கோடுகள் இன்றும் கதவில் தெளிவாகத் தெரிகின்றன. சலவை நீலம் என்பது 'அல்ட்ராமரீன்' என்னும் நிறப்பொருள். வெயிலுக்கு அது எளிதில் வெளுப்பதில்லை. அதனால் காரின் ஏனைய பகுதிகள் மங்க மங்க, அக்கதவு மட்டும் ஆண்டுக்காண்டு கூடுதலாக நீலமாகிக்கொண்டு வருவதுபோலத் தோன்றிற்று. 2009 மே மாதத்தின் பின் அம்மகனைப் பற்றிய செய்தி எதுவும் வீட்டுக்கு வரவில்லை.

கனடாவிலுள்ள இளைய மகன் தொலைபேசியில் தீர்வு சொன்னான். "அப்பா, முழுக்கச் சுரண்டிப்போட்டுப் புதுசா அடிச்சு விடுங்கோ. காசு நான் அனுப்புறன்." அவன் சொன்னதில் அன்பும் இருந்தது, நியாயமும் இருந்தது. துருவைத் தடுக்க முழுப்பூச்சே சிறந்தது. ஆசிரியர் மறுக்கவுமில்லை, இசையவுமில்லை. "மழை விடட்டும்" என்றார். மழையும் ஒரு காரணந்தான். ஈரக்காற்றில் லாக்கர் வகைப் பூச்சை விசிறினால், விரைந்து ஆவியாகும் தின்னர் பரப்பைக் குளிர்விக்க, நீர் படிந்து பூச்சு பால்நிறமாகும். எனவே தை பிறக்கும்வரை எவரும் அவசரப்படவில்லை.

அந்த இடைவெளியில் ரிங்கர் சொன்ன ஒரு சொல் ஆசிரியரைச் சிந்திக்க வைத்தது. "முழுக்க அடிச்சா எனக்குச் சுகம், வாத்தியார். காசும் கூட. நிறம் பார்க்கத் தேவையில்லை. ஒண்டை மட்டும் அடிக்கிறதுதான் கஷ்டம்." புதிதாக்குதல் எளிது, இருப்பதோடு பொருத்துதல் அரிது என்பதே அதன் கருத்து. தன் கூலி குறையும் வழியை ஒரு தொழிலாளி இவ்வாறு எடுத்துரைப்பது எங்கும் நிகழ்வதன்று.

நிறம் பொருத்துதல் ஏன் அரிது என்பதைச் சற்று நோக்குதல் தகும். கார்ப்பூச்சு விரைவில் உலரும் பொருளானது 1920களிலேயே. அமெரிக்காவின் டியூபொன்ட் நிறுவனத்தார் உருவாக்கிய 'டியூக்கோ' என்னும் நைத்திரோசெலுலோசு லாக்கர், வாரக்கணக்கில் உலர்ந்த பழைய வார்னிஷின் இடத்தைப் பிடித்தது. வெடிமருந்துப் பஞ்சும் இந்த லாக்கரும் ஒரே குடும்பத்துப் பொருள்கள் என்பதை வன்னியில் வாழ்வோர் கேட்டால் அவர்களுக்குப் பெருவியப்பு ஏற்படாது. அன்றுதொட்டு நிறங்கள் பெருகின. ஒவ்வொரு நிறத்துக்கும் எண்ணும் கலவைக் கணக்கும் வந்தன. இன்று நகரத்துக் கடைகளில் எண்ணைச் சொன்னால் கணினி கலவையைத் தருகிறது. ஆனால் அக்கணக்கு தருவது, கார் பிறந்த நாளின் நிறம். அந்நிறம் இப்போது காரில் எங்கும் இல்லை.

கண்ணும் ஏமாற்றவல்லது. மின்குமிழின் மஞ்சள் ஒளியில் ஒன்றாகத் தோன்றும் இரு நீலங்கள், பகலொளியில் இரண்டாகப் பிரிந்து நிற்கும். அவற்றில் கலந்த நிறப்பொருள்கள் வேறாயின், ஒவ்வோர் ஒளியையும் அவை வெவ்வேறாகத் திருப்பித் தருவதே காரணம். ஈரமான பூச்சு ஒரு நிறம், உலர்ந்தபின் பெரும்பாலும் அதனினும் கருமையான நிறம். ஒன்றையே நீண்டநேரம் உற்றுநோக்கினால் கண் களைத்து வேறுபாட்டை மறக்கும். ஆகவே ரிங்கர் விளக்கொளியில் நிறம் கூட்டுவதேயில்லை. காலை வெயிலில், சிறு தகட்டுத் துண்டுகளில் விசிறி, முற்றும் உலரவிட்டு, காரோடு சேர்த்துப் பிடித்து, ஒரு கணம் பார்த்துவிட்டு வயலைப் பார்ப்பார்; மீண்டும் ஒரு கணம் பார்ப்பார். நீலத்தில் வெள்ளை சேர்த்தால் வெளுத்த நீலம் வரும் என எண்ணுவது கற்றுக்குட்டியின் தவறு. வெயிலில் மங்கிய பூச்சு வெளுப்பதோடு பழுப்பும் ஏறுகிறது. ஆகையால் ஒரு துளி கறுப்பு, அதனினும் சிறிதாக ஒரு துளி காவி. ஏழு துண்டுகள் கழிந்தன.

இறுதியில் அவர் கண்டது ஒரு நிறமன்று, இரண்டு. மட்கார்ட்டின் மேற்பரப்புக்குப் பொனற்றின் வெளுத்த நீலம். கதவை நோக்கிச் செல்லும் பக்கத்துக்குக் கதவின் நீலம். இடையில் ஒன்று மற்றதற்குள் தெரியாமற் கரையுமாறு மெல்லிய விசிறல். அத்தகடு மாடு மோதாது வெயிலில் நின்றிருந்தால் எவ்வாறு மூத்திருக்குமோ, அவ்வாறே அது மூத்து நின்றது. ஆசிரியர் சுற்றிவந்து பார்த்தார், மட்கார்ட்டில் கைவைத்தார். பின் வலக்கதவருகே சென்று, "இது கிடக்கட்டும்" என்றார். அன்றிரவு கனடாவுக்குப் படம் சென்றது. மறுமுனையில் நெடுநேரம் மௌனம். பிறகு, "அண்ணான்ர கதவு அப்பிடியே இருக்கு, என்னப்பா" என்ற ஒரு வாக்கியம்.

கலைப்பொருள்களைப் பேணும் அறிஞரும் இவ்வினாவை எதிர்கொண்டனர். உரோமில் 1939 இல் நிறுவப்பட்ட மையப் பேணகத்தின் முதற் பணிப்பாளரான செசாரே பிரான்டி, சிதைந்த ஓவியத்தின் வெற்றிடத்தை நுண்கோடுகளால் நிரப்பும் முறையை வளர்த்தார். எட்ட நின்று பார்ப்போர்க்கு ஓவியம் முழுமையாகத் தெரியும். கிட்ட வந்து பார்ப்போர்க்கு இது பிற்காலத்துக் கை என்பது விளங்கும். சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற நம் பதிப்பாசிரியரும் செல்லரித்த ஏடுகளின் முன் இதே பொறுப்புடன் அமர்ந்தவரே. 1887 இல் கலித்தொகையை அச்சேற்றியவர், தம் காலத்துச் சொல்லால் பழந்தமிழைப் புதுப்பிக்க முயன்றிருப்பாராயின் நமக்குக் கிடைத்திருப்பது கலித்தொகை ஆகாது. துணுக்காய் ரிங்கர் இவர்களை அறியார். ஆயினும் எதை மறைப்பது, எதை மறைக்காது விடுவது என்னும் தெளிவு அவருக்கும் இருந்தது. மாடு மோதிய தடத்தை அவர் மறைத்தார். அதனைக் காப்பதில் எவருக்கும் பயனில்லை. ஒரு மகனின் தூரிகைத் தடத்தை மறைக்கும் வேலையை அவர் விரும்பிக் கேட்கவில்லை.

போரின் பின் வன்னியில் எல்லாம் புதிதாகின்றன: வீதி, பாடசாலை, சந்தை, மதில். அவை வேண்டியவையே, குண்டு துளைத்த கூரையின் கீழ்ப் பிள்ளைகள் படிக்கவேண்டுமென எவரும் கூறார். ஆனால், முழுவதையும் சுரண்டிவிட்டுப் பூசுதலே திருத்தம் என்னும் எண்ணம் வேரூன்றுமாயின், எந்தப் பூச்சின் கீழ் யாருடைய கை இருந்தது என்பதை வாசிப்பதற்கு ஓர் ஓரமும் எஞ்சாது.

வேலை முடிந்தபின் மிஞ்சிய கலவையைச் சிறு போத்தலில் ஊற்றித் தருமாறு ஆசிரியர் கேட்டார். இனி ஒருமுறை தேவைப்படலாம் அல்லவா? ரிங்கர் சிரித்தார். "அது வேலைக்காகாது, வாத்தியார். நாலைஞ்சு வருசத்தில கார் வேற நிறம். அப்ப வாங்கோ, அப்பத்தைய நிறத்தைப் பார்த்துக் கூட்டுவம்."