முன் ஸீட்டு

"தாத்தா, நான் முன்னாலே உட்கார்ந்துக்கட்டுமா?"

திண்டிவனத்தில் காபி குடித்துவிட்டுக் காரில் ஏறும்போது பேத்தி கேட்டாள். வயது 10. விழுப்புரத்துக்கு இன்னும் 40 கிலோமீட்டர்கூட இல்லை. காரை ஓட்டி வந்த என் பிள்ளை என்னைப் பார்த்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 14 வயது நிரம்பாத குழந்தைக்குப் பெல்ட்டோ குழந்தை ஆசனமோ இல்லாவிட்டால் 1000 ரூபாய் அபராதம் என்கிறது, 2019-ஆம் வருஷத்துத் திருத்தம். முன்னாலா, பின்னாலா என்று அது சொல்லவில்லை. டாக்டர்கள் சொல்கிறார்கள்: 12 வயது முடிகிறவரை பின் ஸீட்டே மேல். முன்னால் உள்ள காற்றுப்பை பெரியவர்களை உத்தேசித்துச் செய்தது. கண் இமைக்குமுன் வெடித்து விரியும்.

பெல்ட்டைப் போட்டுப் பார்த்தேன். தோளில் படிய வேண்டியது கழுத்தில் உராய்ந்தது.

"இன்னும் கொஞ்சம் வளரணும், அம்மா."

"அப்பா மட்டும் சின்ன வயசிலே உட்காரலையா?"

வாஸ்தவம். அம்பாஸடரில், என் மடியில் உட்கார்ந்திருந்தான். விக்கிரவாண்டி அருகே மாடு ஒன்று குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக் போட்டார். கெட்டியாகத்தான் பிடித்திருந்தேன். அவன் புருவத்தின் மேல் நாலு தையல்.

பிள்ளை ஒன்றும் பேசவில்லை. அந்தத் தழும்பை ஒரு முறை தடவிக்கொண்டான்.

நான் முன் ஸீட்டைக் காலி செய்துவிட்டு, பின்னால் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.