பிளக்கும் எண்ணும்

எம்பிலிப்பிட்டியவில் வாகனம் பலருக்கு ஆடம்பரப் பொருளன்று, அடுப்பெரிவதற்குரிய வழியாகும். என் தந்தையார் பழைய பெற்றோல் வான் ஒன்றை வாடகைக்கு ஓட்டி வருகிறார். கலைப்பீட மாணவனாகிய என் படிப்பும் அதன் வருவாயிலேயே நடைபெறுகின்றது. ஆதலின் அவ்வண்டியின் மூன்று சிலிண்டர்களுக்கும் எந்த ஸ்பார்க் பிளக்கைத் தெரிவது என்னும் வினாவை எங்கள் வீட்டில் எவரும் அற்பமாகக் கருதுவதில்லை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதுவரை இருந்த வண்டியைப் பேணுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. 2022 ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றருக்கு 470 ரூபாவாயிற்று. அடுத்த மாதம் கியூ.ஆர். முறை வந்தபோது வானுக்கு வாரத்துக்கு 20 லீற்றரே கிடைத்தது. தேய்ந்த பிளக் சரிவரப் பொறி தராவிடின் பெற்றோலின் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியேறும். அந்நாட்களில் அவ்விழப்பு எங்கள் சோற்றுப் பானையிலேயே தெரிந்தது.

பிளக்கின் முனை ஏறத்தாழ 500 பாகை செல்சியசுக்கும் 850 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் இயங்க வேண்டும். குறைந்தால் கரி படியும். மிகுந்தால் பொறி தோன்றுமுன்னரே கலவை தீப்பற்றிப் பிஸ்டனைப் பழுதாக்கும். வெப்பத்தை விரைந்து கடத்துவது குளிர்ப் பிளக். மெல்லக் கடத்துவது சூட்டுப் பிளக். சமவெளியிலிருந்து பாரமேற்றிக்கொண்டு இறக்குவானை மலையேறும் வண்டிக்கு இவ்வேறுபாடு முக்கியமானது.

இதனைக் குறிக்கும் எண்ணிலேதான் மயக்கம் பிறக்கிறது. என்.ஜி.கே.யின் 6, டென்சோவின் 20, பொஷ்ஷின் 7, சாம்பியனின் 9 ஆகியவை ஏறத்தாழ ஒரே வெப்பத் தன்மையைச் சுட்டுவன. யப்பானிய நிறுவனங்களான முதலிரண்டிலும் எண் ஏற ஏறக் குளிர்ச்சி மிகும்; பின்னிரண்டிலும் எண் ஏற ஏறச் சூடு மிகும். ஒரே சொல் வட்டாரத்துக்கு வட்டாரம் பொருள் மாறுவதை மொழியியல் வகுப்பிற் கற்ற எனக்கு இது புதுமையாகத் தோன்றவில்லை. ஒரு முறை கடையொன்றில் 6 இல்லையென்று 7ஐ நீட்டினார்கள். "எந்தக் கொம்பனியின் ஏழு?" என்று தந்தையார் சிங்களத்திற் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

எண் பொருந்தினாலும் போதாது. திருகுப் பகுதி நீண்டால் பிஸ்டனில் இடிக்கும். குறுகினால் தலைப்பகுதியின் திருகுகளிற் கரி சேரும். முனைகளின் இடைவெளியும் கைந்நூலிற் கூறியவாறே அமைய வேண்டும். இரிடியம் முனை நெடுநாள் உழைக்குமெனினும், நல்ல நிலையிலுள்ள சாதாரண நிக்கல் முனையினும் அது பெரிதாக வலுவைக் கூட்டிவிடாது.

கழற்றிய பிளக்குகளை வரிசை மாறாமல் வைத்துப் பார்ப்பது தந்தையாரின் வழக்கம். சென்ற முறை இரண்டு இளம்பழுப்பாயிருந்தன. நடுவிலிருந்தது எண்ணெய்ப் பிசுக்குடன் கறுத்திருந்தது. முன்னவை தெரிவு சரியென்றன. நடுப் பிளக்கோ அந்தச் சிலிண்டரில் ரிங் தேய்ந்துள்ளதென ஐயுற வைத்தது. அத்தகைய இயந்திரத்தில் விலையுயர்ந்த பிளக்கும் விரைவிற் கறுக்கும். எனவே முன்னைய எண்ணிலேயே நிக்கல் பிளக்குகள் மூன்றை வாங்கினோம். இரிடியத்துக்குச் சென்றிருக்கக்கூடிய பணம் ரிங் மாற்றும் செலவுக்கென ஒதுக்கப்பட்டது.